இயந்திரம் நின்றிருக்கும் நேரத்துக்கும் விதி வேண்டும்: தேசிய சுற்றுப்புற வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

தேசிய சுற்றுப்புற வாரியத்தின் கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பிரிவைச் சேர்ந்த மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். சிங்கப்பூர் மருத்துவமனைகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் பராமரிப்பு வேலை எடுத்துச் செய்யும் ஒரு நிறுவனத்தில் நான் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர். ஏசி, குளிர்நீர்க் குழாய், மின்விளக்கு, புகை உணர்கருவி, சாயம், தரை என்று கட்டடத்துக்கு ஆக வேண்டியதெல்லாம் எங்கள் வேலை. ஆட்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். மற்றவர்கள் பங்களாதேஷ், மியன்மார். எலக்ட்ரான், புரோட்டான் போன்ற நுண்துகள்களை அதிவேகத்தில் விரட்டும் துகள் முடுக்கி இருக்கும் அறைகளுக்குள்ளும் இவர்கள் போய் வருகிறார்கள். இயந்திரம் நின்றிருக்கும்போது மட்டும்தான் போகிறார்கள். அந்த நேரத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

முடுக்கி என்றதும் நம்மவர்களுக்கு ஜெனீவாவில் பூமிக்கடியில் ஓடும் 27 கிலோமீட்டர் வளையம்தான் நினைவுக்கு வருகிறது. இங்கேயும் இருக்கிறது என்றால் சிரிக்கிறார்கள். கெண்ட் ரிட்ஜில், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக வளாகத்தில், ஹீலியோஸ் 2 என்ற வளைய முடுக்கியை, அதாவது சிங்க்ரோட்ரானை, நிறுவியிருக்கிறார்கள். சுற்றளவு வெறும் 10.8 மீட்டர், உள்ளே எலக்ட்ரான்களின் ஆற்றல் 700 மெகா எலக்ட்ரான் வோல்ட். அவுட்ரமில் தேசியப் புற்றுநோய் நிலையத்தின் கோ செங் லியாங் புரோட்டான் சிகிச்சை நிலையம் 2023ல் திறக்கப்பட்டது. புற்றுநோய்க்குக் கதிர் கொடுக்கும் லினாக் எனும் நேர்கோட்டு முடுக்கி, பெட் ஸ்கேனுக்கு மருந்து தயாரிக்கும் சைக்ளோட்ரான் எல்லாம் முடுக்கிகளே. கொள்கலன்களை ஊடுருவிப் பார்க்கும் பெரிய எக்ஸ்ரே கருவிகள் பலவற்றின் வயிற்றிலும் ஒரு சின்ன லினாக்தான் உட்கார்ந்திருக்கிறது.

இவற்றுக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 2007ஆம் ஆண்டின் கதிர்வீச்சுப் பாதுகாப்புச் சட்டத்தை நீங்கள்தான் நடைமுறைப்படுத்துகிறீர்கள். உரிமம் இல்லாமல் யாரும் இப்படிப்பட்ட இயந்திரத்தை வைத்திருக்க முடியாது. கதிர்வீச்சு ஊழியர்கள் பதிவு பெற வேண்டும், சட்டையில் டோஸ், அதாவது உடல் வாங்கும் கதிரின் அளவை, அளக்கும் பேட்ஜ் குத்திக்கொள்ள வேண்டும். உலக அளவில் ஏற்கப்பட்ட டோஸ் வரம்பு, ஊழியருக்குச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், பொதுமக்களுக்கு 1 மில்லிசீவர்ட். நான் போய் வந்த இடங்களில் இதையெல்லாம் ஒழுங்காகவே செய்கிறார்கள். அதில் எனக்குக் குறையில்லை.

ஆனால் எங்கள் ஆட்கள் கதிர்வீச்சு ஊழியர்கள் அல்லர். ஏசியின் ஃபேன் காயில் யூனிட்டில் வடிகட்டியை மாற்ற வந்தவருக்குப் பேட்ஜ் கிடையாது, பதிவு கிடையாது. கணக்கில் அவர் பொதுமக்களில் ஒருவர். இதற்கு ஒரு நியாயமும் உண்டு. சாதாரண எக்ஸ்ரே லினாக்கை நிறுத்திவிட்டால் கதிரும் நின்றுவிடும்; சுவிட்சை அணைத்ததும் விளக்கு அணைவதுபோல. ஆகவே நின்றிருக்கும் இயந்திரத்தின் அருகில் போகிறவருக்கு என்ன பயம் என்று கேட்கிறார்கள். பெரும்பாலான நாள்களில் பயமில்லை என்று நானே என் ஆட்களிடம் சொல்லியிருக்கிறேன். வீண் பீதியைக் கிளப்ப எனக்கு ஆசையில்லை.

இருந்தாலும், உலகில் முடுக்கிகளால் ஊழியர்களுக்கு நேர்ந்த பெரிய விபத்துகளை எடுத்துப் பாருங்கள். அவற்றில் பல, இயந்திரம் நின்றிருக்கிறது என்று யாரோ நம்பிய நேரத்தில் நடந்தவை.

நமக்குப் பக்கத்திலேயே ஒன்று உண்டு. 1992 நவம்பர் 17, ஹனோய். அங்குள்ள அணு இயற்பியல் கழகத்தில் மைக்ரோட்ரான் என்ற எலக்ட்ரான் முடுக்கி. ஒரு விஞ்ஞானி மாதிரிப் பொருளைச் சரியாக வைப்பதற்காகக் கதிர்வீச்சு அறைக்குள் போனார். இயக்குபவர்கள் வேறு அறையில் இருந்தார்கள். இவர் உள்ளே போனது அவர்களுக்குத் தெரியாது. இயந்திரம் ஓட ஆரம்பித்தது இவருக்குத் தெரியாது. கதிரைக் கண்ணால் பார்க்க முடியாது, தொட்டால் சுடாது. இரண்டு கைகளையும் கதிர்க்கற்றைக்குள் வைத்துக்கொண்டு நிதானமாக வேலை பார்த்தார். பிறகு ஒரு கையையே எடுத்துவிட வேண்டியதாயிற்று. அனைத்துலக அணுசக்தி அமைப்பு 1996ல் இதைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. அதைப் படித்தபோது என்னை உறுத்தியது, அவர் அந்த இடத்தின் மூத்த பொறுப்பாளர் என்பதுதான். அந்த இயந்திரம் என்னென்ன செய்யும் என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அறிவு அவரைக் காப்பாற்றவில்லை. கதவைத் திறந்தால் கற்றை தானாக நிற்கும்படி ஒரு பூட்டு இருந்திருந்தால் காப்பாற்றியிருக்கும்.

அதற்கு முந்தைய ஆண்டு, 1991ல், ஒரே மாதிரியான இரண்டு விபத்துகள். ஆகஸ்டில் பிரான்சின் ஃபோர்பாக் நகரில் ஒரு தொழிற்சாலை முடுக்கிக்குள் மூன்று தொழிலாளர்கள் போனார்கள். டிசம்பரில் அமெரிக்காவின் மேரிலாந்தில் ஓர் இயக்குபவர் பராமரிப்பு வேலையின்போது கற்றை வரும் பாதையில் கையையும் காலையும் தலையையும் வைத்தார். இரண்டு இடத்திலும் எலக்ட்ரானை உமிழும் இழையை அணைத்திருந்தார்கள். உயரழுத்த மின்சாரத்தை மட்டும் அப்படியே விட்டிருந்தார்கள். இழை சூடாகாவிட்டாலும், அத்தனை அழுத்தத்தில் குளிர்ந்த உலோகப் பரப்பிலிருந்தே கொஞ்சம் எலக்ட்ரான் கசியும். துறையில் இதை டார்க் கரண்ட் என்பார்கள். முழுக் கற்றையோடு ஒப்பிட்டால் இது அற்பம்தான். ஆனால் ஃபோர்பாக் தொழிலாளர்களின் தோல் வெந்துபோகவும், மேரிலாந்துக்காரர் கைவிரல்களில் பெரும்பாலானவற்றை இழக்கவும் அந்த அற்பமே போதுமானதாக இருந்தது.

1978ல் சோவியத் நாட்டின் புரோட்வினோவில் அனத்தோலி புகோர்ஸ்கி என்ற இயற்பியலாளர் பழுதான கருவியைக் குனிந்து பார்த்தபோது புரோட்டான் கற்றை அவர் தலைக்குள் புகுந்து வெளியேறிய கதையை எல்லாரும் சொல்வார்கள். பிழைத்துக்கொண்டார், முனைவர் பட்டமும் வாங்கினார். அதிசயம்தான். ஆனால் அன்றும் கோளாறு அதுவேதான்: உள்ளே ஆள், வெளியே அது தெரியாத ஓட்டம்.

இவையெல்லாம் பழைய கதை, இப்போதைய இயந்திரங்களில் கதவு திறந்தால் கற்றையை நிறுத்தும் இன்டர்லாக் இருக்கிறது, கேமரா இருக்கிறது என்பீர்கள். உண்மை. அப்படி எல்லாம் உள்ள ஓர் இடத்தில் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். இடத்தின் பெயர் வேண்டாம். அவர்கள் நல்லவர்கள், பிறகு நடைமுறையையும் மாற்றிக்கொண்டார்கள்.

அது ஒரு லினாக் அறை. உள்ளே போக வளைந்து செல்லும் ஒரு நடைவழி. கதிர் நேராக வெளியே வந்துவிடக் கூடாது என்பதற்காக அப்படிக் கட்டுவார்கள். கற்றையைப் போடும் முன் பொறுப்பாளர் அறையின் கடைக்கோடிக்குப் போய்ச் சுவரில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். போகிற வழியில் யாரும் இல்லை என்று பார்த்திருப்பார் என்பது அந்தப் பொத்தானின் தத்துவம். அழுத்தியதும் மணி விட்டுவிட்டு ஒலிக்கும். சில விநாடிக்குள் அவர் வெளியே வந்து கதவை மூட வேண்டும். மூடினால்தான் இயந்திரம் ஓடச் சம்மதிக்கும். நல்ல ஏற்பாடு, தரையில் நிற்கும் ஆளுக்கு.

எங்கள் ஆள் தரையில் இல்லை. நடைவழியின் பொய்க்கூரைக்கு மேலே, ஏசிக் குழாய்க்குப் பக்கத்தில் படுத்திருந்தார். காதில் சத்தத்தைத் தடுக்கும் செருகி வேறு. ஏணியை இன்னொரு தம்பி அடுத்த அறைக்கு எடுத்துப் போய்விட்டார். வேலை இரண்டு அறையிலும், ஏணி ஒன்றுதான். வார இறுதிக்குள் முடிக்க வேண்டும், திங்கட்கிழமை காலை நோயாளிகள் வந்துவிடுவார்கள் என்ற நெருக்கடி வேறு. அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது. பொறுப்பாளர் உள்ளே வந்தார், ஆங்கிலத்தில் யாராவது இருக்கிறீர்களா என்று குரல் கொடுத்தார், பொத்தானை அழுத்தினார், மணி அடித்தது. பார்த்த இடத்தில் ஏணியும் இல்லை, காலும் தெரியவில்லை. வெளியே வந்தவர் தள்ளுவண்டியில் கிடந்த தலைக்கவசத்தைப் பார்த்து, “இது யாருடையது?” என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்டதால்தான் அன்றைக்கு விபத்து ஏதும் நடக்கவில்லை. கூரையிலிருந்து இறங்கி வந்தவர் என்னைப் பார்த்து, “என்னண்ணே, சாப்பாட்டு நேரமா?” என்றார்.

பொத்தான் சரியாக வேலை செய்தது. மணி, கதவு, கேமரா எல்லாமே சரியாகத்தான் இருந்தன. ஆள் வேறு உயரத்தில் இருந்தார், அவ்வளவுதான்.

நான் கேட்பது முதலில் இதுதான். உரிமம் வழங்கும்போதும் புதுப்பிக்கும்போதும், கற்றை ஓடும் நேரத்துக்கான திட்டத்தைக் கேட்பதுபோலவே, நின்றிருக்கும் நேரத்துக்கான திட்டத்தையும் நிறுவனங்களிடம் எழுத்தில் கேளுங்கள். பதிவு பெறாத ஆட்கள் உள்ளே போகும்போது எந்த மின்சாரம் துண்டிக்கப்படும், யார் துண்டிப்பார், எப்படிப் பூட்டுவார் என்பது அதில் இருக்க வேண்டும். உயரழுத்தத்தை விட்டுவிட்டு இழையை மட்டும் அணைப்பது நிறுத்தமாகாது என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

பூட்டு என்றதும் எங்கள் உலகத்தில் ஒரு பழக்கம் உண்டு. பெரிய மோட்டாரைப் பழுது பார்க்கப் போகும் ஒவ்வொருவரும் மின்பெட்டியில் தன் சொந்தப் பூட்டைப் போட்டுச் சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்வார். நான்கு பேர் போனால் நான்கு பூட்டு. கடைசி ஆள் வெளியே வந்து தன் பூட்டைக் கழற்றும்வரை எவராலும் மின்சாரம் கொடுக்க முடியாது. பெரிய முடுக்கி நிலையங்களும் இதையே செய்கின்றன. ஜெனீவாவில் சுரங்கத்துக்குள் இறங்குகிறவர் வாசலில் ஒரு சாவியை எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். எல்லாச் சாவியும் திரும்பி வந்தால்தான் கற்றை. நான் வேலை பார்த்த இடங்களில், கூடவரும் நிபுணரிடம் சாவி இருக்கும், எங்கள் ஆளிடம் இருக்காது. நிபுணர் ஒரு போன் அழைப்புக்கு வெளியே போனால் சாவியும் வெளியே போய்விடும். பொய்க்கூரையில் படுத்திருப்பவரின் சட்டைப்பையில் ஒரு சாவி இருந்திருந்தால், தள்ளுவண்டித் தலைக்கவசத்தை யாரும் பார்க்காமல் போயிருந்தாலும் பரவாயில்லை. பெரிய செலவில்லாத விஷயம் இது. உரிம நிபந்தனையாக வந்தால் ஒரே ஆண்டில் எல்லா இடத்திலும் வந்துவிடும். பரிந்துரையாக வந்தால் வராது. இருபக்கமும் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

மொழியைப் பற்றி நீளமாகப் பேச வேண்டியதில்லை. ரயில் நிலையத்தில் இடைவெளியைக் கவனிக்கச் சொல்ல நான்கு மொழி இருக்கிறது. கற்றையைப் போடப் போகிறோம், வெளியே வாருங்கள் என்பதை அறைக்குள் பதிவு செய்யப்பட்ட குரல் நான்கு மொழியிலும் வங்காளத்திலும் மியன்மார் மொழியிலும் சொல்லட்டும். காதில் செருகி உள்ளவர்களுக்காகப் பளிச்சிடும் விளக்கு பொய்க்கூரைக்கு மேலேயும் ஒன்று இருக்கட்டும். உள்ளே போகும் ஒவ்வொருவரும் அவசர நிறுத்தப் பொத்தானைத் தன் கையால் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுப் போகட்டும். படத்தில் காட்டிக் கையெழுத்து வாங்குவதால் ஒரு பயனும் இல்லை. கையெழுத்து எங்கள் கோப்புக்குத்தான் உதவுகிறது.

கற்றை நின்ற பிறகும் தங்கிவிடும் கதிரியக்கத்துக்கு வருகிறேன். சாதாரண லினாக்கில் இது பெரும்பாலும் இல்லை அல்லது மிகக் குறைவு. புரோட்டான் இயந்திரத்திலும் சைக்ளோட்ரானிலும் அப்படியல்ல. அங்கே கற்றை மோதும் உலோகமும் சுற்றியுள்ள கான்கிரீட்டும் காலப்போக்கில் தாமே கதிரியக்கம் உடையதாகின்றன. கான்கிரீட்டில் உருவாகும் யூரோப்பியம் 152 பாதியாகக் குறைய 13 ஆண்டுக்கு மேல் ஆகும், கோபால்ட் 60க்கு 5 ஆண்டுக்கு மேல். சுவரில் ஒரு கொக்கி மாட்டத் துளை போடும் எங்கள் ஆள் அந்தத் தூசியைத்தான் சுவாசிப்பார். சில இயந்திரங்களின் குளிர்நீரில் பெரிலியம் 7 உண்டாகி, நீரைச் சுத்தம் செய்யும் ரெசின் குடுவையில் சேர்ந்துகொள்ளும். அதன் அரை ஆயுள் 53 நாள். குளிர்நீர் வேலைக்குப் போகிறவர் பழைய ரெசினை மற்ற குப்பையோடு பிளாஸ்டிக் பையில் கட்டி வெளியே கொண்டுவரப் பழகியவர். அதைத் தொடாதே என்று யார் சொல்வது? அளவு பெரும்பாலும் சொற்பம்தான், உடனே யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. ஆனாலும் வேலை தொடங்கும் முன் அன்றைய கதிர் அளவீட்டை, எந்த இடத்தில் எவ்வளவு என்ற எண்ணோடு, ஒரு தாளில் எங்கள் மேற்பார்வையாளரிடம் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கட்டும். “சேஃப், சேஃப்” என்று வாயால் சொல்வதை என்னால் வேலைக்கு முன் நடத்தும் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் படித்துக்காட்ட முடியாது.

ஒரு சின்ன விலகல். ஹீலியோஸ் 2 போன்ற இயந்திரங்களில் உள்ள, தடையின்றி மின்சாரம் ஓடும் மீக்கடத்திக் காந்தங்கள் திரவ ஹீலியத்தில் மூழ்கி இருப்பவை. ஒரு லிட்டர் திரவ ஹீலியம் ஆவியானால் 700 லிட்டருக்கும் அதிகமான வாயுவாகி அறையின் ஆக்சிஜனைத் தள்ளிவிடும். 2008 செப்டம்பர் 19 அன்று ஜெனீவா வளையத்தில் ஒரு மின்இணைப்பு பழுதாகி சுமார் 6 டன் ஹீலியம் வெளியேறியது. அன்று சுரங்கத்தில் ஆள் இல்லை. கதிர்வீச்சு உரிமத்தில் ஹீலியத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். உள்ளே போகிறவருக்கு இரண்டும் ஒரே அறைதான்.

இதிலிருந்துதான் அடுத்த வேண்டுகோள். 2004 ஏப்ரலில் நிக்கல் நெடுஞ்சாலை இடிந்து நான்கு பேர் மாண்ட பிறகு நம் வேலையிடப் பாதுகாப்பு நடைமுறையே மாறியது. 2006ல் புதுச் சட்டம் வந்தது. ஆபத்தான வேலையைத் தொடங்கும் முன் தளத்தில் வாங்கும் வேலை அனுமதி, உயரத்தில் வேலை, மூடிய இடத்தில் வேலை எல்லாம் மனிதவள அமைச்சின் கீழ் வருகின்றன. கதிர்வீச்சு உங்கள் கீழ் வருகிறது. லினாக் அறையின் பொய்க்கூரையில் படுத்திருப்பவர் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறார். நான் பார்த்த வேலை அனுமதித் தாள்களில் ஏணியைப் பற்றி ஒரு பக்கம் இருக்கும், கற்றையைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. கதிர்வீச்சுத் திட்டத்தில் கற்றையைப் பற்றி முப்பது பக்கம், ஏணியைப் பற்றி ஒன்றுமில்லை. நீங்களும் அமைச்சும் ஒரு நாள் உட்கார்ந்து ஒரே தாளாக ஆக்கித் தாருங்கள்.

கடைசியாக, நூலிழையில் தப்பிய சம்பவங்களை அறிவிப்பது. ஜப்பானின் தோக்காய் நகரில் உள்ள ஜே-பார்க் முடுக்கி நிலையத்தில் 2013 மே 23 அன்று, 2 விநாடிக்குச் சீராக வர வேண்டிய புரோட்டான் கற்றை ஆயிரத்தில் 5 பங்கு விநாடிக்குள் கொட்டித் தீர்ந்து, தங்க இலக்கைச் சேதப்படுத்தியது. கதிரியக்கப் பொருள் கூடத்துக்குள் பரவியது. 34 பேர் பாதிக்கப்பட்டார்கள். அதிகபட்ச அளவு 1.7 மில்லிசீவர்ட், உடலுக்குப் பெரிய கேடு இல்லை. ஆனால் உள்ளே இருந்தவர்கள் காற்றாடியைப் போட்டு அதை வெளியே அனுப்பிவிட்டார்கள். அரசுக்குத் தகவல் போனது மறுநாள்தான். 1.7 மில்லிசீவர்ட்டை மறந்துவிட்டார்கள், தாமதத்தை ஜப்பானியர்கள் இன்னும் மறக்கவில்லை. இங்கே சாரம் சரிந்தாலோ மின்தூக்கியில் ஆள் சிக்கினாலோ வேலையிடப் பாதுகாப்பு சுகாதார மன்றம் எச்சரிக்கைக் குறிப்பு அனுப்புகிறது. நிறுவனத்தின் பெயர் வேண்டியதில்லை, என்ன நடந்தது, எப்படித் தவிர்ப்பது என்பது போதும். திங்கட்கிழமை காலை அதை வாசித்துக்காட்டுவேன். முடுக்கி அறைகளுக்கும் அப்படி ஒன்றை நீங்கள் அனுப்புங்கள். தலைக்கவசம் காப்பாற்றிய கதையை எத்தனை இடத்தில் எத்தனை பேர் தங்களுக்குள் வைத்துக்கொண்டிருக்கிறார்களோ.

இதையெல்லாம் இப்போது கேட்பதற்குக் காரணம் உண்டு. புரோட்டான் சிகிச்சை இங்கே வந்து சில ஆண்டுகளே ஆகின்றன. கான்கிரீட் இன்னும் புதிது, காந்தங்கள் புதிது, பராமரிப்பு இன்னும் பெரும்பாலும் தயாரிப்பாளரின் கையில். உத்தரவாதக் காலம் முடிந்ததும் வேலை ஏலத்துக்கு வரும், குறைந்த விலை சொன்னவருக்குப் போகும். அந்தக் குறைந்த விலையில் பயிற்சிக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறது என்பதை உரிமம் கேட்காவிட்டால் யாரும் கேட்கப் போவதில்லை.

ஒலிப்பதிவுக்குத் தமிழ்க் குரல் வேண்டுமென்றால் எங்கள் ஆட்களில் நன்றாகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், காசு வேண்டாம். வேலை அனுமதித் தாளின் வரைவை அனுப்பினால் தளத்தில் வைத்துச் சோதித்துப் பார்த்து, எந்தக் கேள்வியை யாரும் நிரப்புவதில்லை என்று எழுதி அனுப்புகிறோம். உங்கள் பதிலைத் தங்குவிடுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன். ஆகவே சுருக்கமாகவும், முடிந்தால் தமிழிலும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பராமரிப்பு ஒப்பந்த நிறுவனத்தின் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர்,
ஜூரோங், சிங்கப்பூர்